வேட்டையாடியவனா, வேட்டையாடப்பட்டவனா? ‘கொலைகார வானரம்’ கொள்கை – ஒரு திறனாய்வு



கருத்து விளக்கக் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு நன்றாகப் பழகிப்போன ஒரு வாக்கியம் உண்டு. தலைப்பு பள்ளியில் பகடிவதை என்றாலும் சரி, உலக அமைதி என்றாலும் சரி, இரண்டாவது பத்தியில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்: “மனிதன் ஆதியில் வேட்டைக்காரன், ஆகவே வன்முறை அவன் இரத்தத்தில் ஊறியது.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் ‘ஆகவே’ என்று ஒரு சொல் நிற்பதால் தர்க்கம் போலவும் தெரிகிறது. ஆனால் அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? யார் சொன்னது? எதை வைத்துச் சொன்னார்கள்? கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஓர் அறிவியலாளர், ஒரு நாடக ஆசிரியர், ஏராளமான எலும்புத் துண்டுகள் எல்லாம் இருப்பது தெரியும். அந்தக் கொள்கை எப்படி எழுந்தது, எப்படிப் பரவியது, எங்கே உடைந்தது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இது ஒரு பயிற்சியாகவும் அமையும்: ஒரு கருத்தை ஏற்பதற்கு முன் அதன் சான்றை எப்படிச் சோதிப்பது?

1. கதை தொடங்கிய இடம்

1924-இல் தென்னாப்பிரிக்காவின் தாவுங் என்ற இடத்தில், சுண்ணாம்புக்கல் உடைக்கும் குவாரியில் ஒரு சிறிய மண்டையோடு கிடைத்தது. அது ஜொகன்னஸ்பர்க் நகரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் டார்ட்டின் கைக்கு வந்தது. மூளை குரங்களவு, ஆனால் முதுகுத்தண்டு மண்டையோட்டுடன் சேரும் துளை கீழ்நோக்கி இருந்தது. அதாவது, நிமிர்ந்து நடந்த உயிரினம். பற்களும் மனிதப் பற்களை ஒத்திருந்தன. 1925 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் டார்ட் அதற்கு ஆஸ்ட்ரலோபித்தேகஸ் ஆஃப்ரிகானஸ் என்று பெயரிட்டார். ‘ஆப்பிரிக்காவின் தென்திசை வானரம்’ என்பது அதன் பொருள்.

அக்கால அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. மனிதன் ஆசியாவில் தோன்றியவன், முதலில் வளர்ந்தது மூளைதான் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. இங்கிலாந்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு அந்த நம்பிக்கைக்குத் துணை நின்றது. பில்ட்டவுன் வெறும் போலி, மனித மண்டையோட்டையும் ஒராங் ஊத்தான் தாடையையும் சேர்த்துச் செய்தது என்று 1953-இல்தான் அம்பலமானது. ஆக, தாவுங் விஷயத்தில் டார்ட் சொன்னது சரி. உலகம்தான் தாமதமாக வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் திறனாயப் போகிற மனிதர் சாதாரண ஆள் இல்லை. ஒரு பெரிய விஷயத்தில் உலகத்தை எதிர்த்து நின்று வென்றவர். அப்படிப்பட்டவர் அடுத்துச் சொல்வதையும் நம்பத் தோன்றும், இல்லையா? அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் முன்பு சரியாகச் சொன்னார் என்பது இப்போது அவர் சொல்வதற்குச் சான்று ஆகாது.

2. எலும்பு, பல், கொம்பு

1940-களில் டார்ட் மக்கபான்ஸ்காட் என்ற குகையின் பக்கம் திரும்பினார். அங்கே ஆயிரக்கணக்கான எலும்புத் துண்டுகள் கல்லோடு கல்லாக இறுகிக் கிடந்தன. பெரும்பாலானவை மான் வகை விலங்குகளின் எலும்புகள். கூடவே ஆஸ்ட்ரலோபித்தேகஸின் சில எச்சங்கள். சில எலும்புகள் கறுத்திருந்தன. அது தீயின் அடையாளம் என்று கருதிய டார்ட், 1948-இல் அந்த வானரத்துக்கு ‘பிரோமிதியஸ்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் வானுலகிலிருந்து நெருப்பைத் திருடி வந்தவனின் பெயர் அது. பின்னர் சோதித்தபோது, அந்தக் கறுப்பு மாங்கனீசு என்ற கனிமத்தால் வந்தது என்று தெரிந்தது. நெருப்புக்குச் சான்று அங்கே இல்லை.

டார்ட்டின் பெரிய வாதம் எலும்புக் கணக்கில் இருந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை அவர் வகைப்படுத்திப் பார்த்தார். சில உறுப்புகள் மிக அதிகம், சில மிகக் குறைவு. மானின் முன்னங்கால் மேலெலும்பை எடுத்துக்கொண்டால், அதன் கீழ்முனைகள் குவிந்து கிடக்கின்றன. மேல்முனைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தாடைகள் நிறைய, வால் எலும்புகளைக் காணவே காணோம். இது தற்செயலாக இருக்க முடியாது, யாரோ பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்று டார்ட் முடிவு கட்டினார். முன்னங்கால் எலும்பு கதாயுதம், தாடை இரம்பம், கொம்பு குத்துவாள், வால் சாட்டையாகவோ சைகை காட்டவோ பயன்பட்டிருக்கும், அதனால் குகைக்கு வெளியே போய்விட்டது என்றெல்லாம் விளக்கினார். கல்லாயுதக் காலத்துக்கு முன்னால் ஓர் ‘எலும்பு-பல்-கொம்புப் பண்பாடு’ இருந்தது என்பது அவருடைய கோட்பாடு.

மூன்று தென்னாப்பிரிக்கக் குகைத்தலங்களிலிருந்து வந்த 42 பபூன் குரங்கு மண்டையோடுகளையும் ஆராய்ந்தார். பலவற்றில் பள்ளங்களும் உடைவுகளும் இருந்தன. எலும்புக் கதாயுதத்தால் ஓங்கி அடித்த காயங்கள் என்றார். 1953-இல் வெளியிட்ட கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போனார்: நம் மூதாதையர் இரத்தவெறி பிடித்த கொலையாளிகள், மனித வரலாற்றின் படுகொலைகள் எல்லாம் அந்த மரபின் தொடர்ச்சி.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மூன்று படிகளை டார்ட் ஒரே தாவலில் கடந்துவிட்டார். குகையில் எலும்புகள் சமமில்லாத அளவில் உள்ளன: இது கண்ணால் கண்டது. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தது ஆஸ்ட்ரலோபித்தேகஸ்: இது ஊகம். ஆகவே மனிதன் இயல்பிலேயே கொலைகாரன்: இது தீர்ப்பு. கண்டதற்கும் ஊகத்துக்கும் இடையே ஒரு கேள்வி இருக்கிறது. வேறு யாராவது, வேறு எதுவாவது, இதே எலும்புக் குவியலை உண்டாக்கியிருக்க முடியாதா?

டார்ட் முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில் இராணுவ மருத்துவப் படையில் பணியாற்றியவர். அவர் மூன்றாவது படியை எழுதியது இரண்டாம் உலகப்போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத காலத்தில். மனிதன் ஏன் இப்படி என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த நேரம். கேள்வி பெரியது, பதிலுக்காக மக்கள் காத்திருந்தார்கள். அந்த அவசரத்தையும் நாம் சேர்த்தே எடைபோட வேண்டும்.

3. நாடக ஆசிரியரின் கையில்

1955-இல் அமெரிக்க நாடக ஆசிரியர் ராபர்ட் ஆர்ட்ரி ஆப்பிரிக்காவுக்குப் போனபோது டார்ட்டைச் சந்தித்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1961-இல், ‘ஆப்பிரிக்கன் ஜெனிசிஸ்’ என்ற நூல் வெளிவந்தது. டார்ட்டின் கொள்கை இந்த நூல் வழியாகத்தான் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆயுதத்தை மனிதன் படைக்கவில்லை, ஆயுதம்தான் மனிதனைப் படைத்தது என்பது ஆர்ட்ரியின் வாதத்தின் சாரம்.

நூலின் பலத்தை முதலில் சொல்லிவிடுவோம். மனிதகுலம் தோன்றியது ஆப்பிரிக்காவில் என்ற செய்தியை, அதைப் பலர் இன்னும் மனமார ஏற்காத காலத்தில், சுவையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. விலங்கு நடத்தை ஆய்வுகளைச் சாதாரண வாசகர்களும் படிக்கும்படி செய்தது. எழுத்து நடை நாடகம் போல ஓடும். கையில் எடுத்தால் வைக்க மனம் வராது.

பலவீனமும் அதே நடையில்தான் இருக்கிறது. நாடகத்துக்கு ஒரு நாயகன் வேண்டும், ஒரு வில்லன் வேண்டும். ஒதுக்கப்பட்ட மேதை டார்ட் நாயகன். கண்ணை மூடிக்கொண்ட கல்வியுலகம் வில்லன். இப்படி அமைத்துவிட்டால், டார்ட்டை மறுத்துப் பேசுகிறவர் எல்லாம் உண்மைக்குப் பயந்தவராகத் தெரிவார். சான்றைப் பற்றிய விவாதம் துணிச்சலைப் பற்றிய விவாதமாக மாறிவிடுகிறது. மாணவர்களே, இது மேடைப் பேச்சிலும் கட்டுரையிலும் அடிக்கடி பயன்படும் உத்தி. ‘கசப்பான உண்மை’ என்று தொடங்கும் வாக்கியங்களைக் கவனியுங்கள். கசப்பாக இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

ஆர்ட்ரி தனியாக இல்லை. ஆஸ்திரிய விலங்கியலாளர் கோன்ராட் லோரென்ஸ் 1963-இல் ஆக்கிரமிப்பு உணர்ச்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1966-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. 1968-இல் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ திரைப்படம் வெளியானது. ஒரு வானரம் எலும்பை எடுத்து அடிக்கக் கற்றுக்கொள்கிறது. அந்த எலும்பை வானத்தில் வீச, அடுத்த காட்சியில் அது விண்கலமாக மாறுகிறது. டார்ட்டின் கோட்பாட்டைப் படிக்காதவர்களும் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். ஒரு கொள்கை படமாகிவிட்டால் அதை மறுப்பது கடினம், ஏன் தெரியுமா? கட்டுரையை வரி வரியாக மறுக்கலாம். காட்சியை எப்படி மறுப்பது? அது நினைவில் அப்படியே நின்றுவிடும்.

4. ஆட்டு எலும்பு சொன்ன பதில்

‘வேறு எதுவாவது இதே குவியலை உண்டாக்கியிருக்க முடியாதா?’ என்ற கேள்வியை விடாமல் பிடித்தவர் பாப் பிரெயின். பிரிட்டோரியாவின் டிரான்ஸ்வால் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். அவர் செய்த ஆய்வு மிக எளிமையானது.

நமீபியாவில் பாலைவனத்தின் ஊடே குயிசெப் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையோரச் சிற்றூர்களில் வாழும் மக்கள் ஆடு வளர்க்கிறார்கள். அவர்களுடைய முக்கிய இறைச்சி ஆடுதான். ஆட்டை அறுத்து, சமைத்து, எலும்பை உடைத்து மச்சையை எடுத்துக்கொண்டு மீதியை வீசுவார்கள். வீசியதை நாய்கள் கடித்து மெல்லும். மிச்சம் மணலில் வெயிலில் கிடக்கும். பிரெயின் அந்த மிச்சத்தைப் பொறுக்கி எண்ணினார்.

முடிவு என்ன? முன்னங்கால் மேலெலும்பின் கீழ்முனைகள் நிறைய. மேல்முனைகள் ஏறத்தாழ இல்லை. தாடைகள் நிறைய, வால் எலும்புகள் இல்லை. மக்கபான்ஸ்காட் கணக்கோடு நன்றாகப் பொருந்தியது! இங்கே யாரும் ஆயுதம் பொறுக்கவில்லை. காரணம் எலும்பின் அமைப்பில் இருக்கிறது. அந்த எலும்பின் கீழ்முனை விலங்கு இளமையாக இருக்கும்போதே இறுகிக் கெட்டியாகிவிடும். மேல்முனை தாமதமாக இறுகும், மென்மையாகவும் இருக்கும். நாய்க்கு எது சுலபமோ அதைத் தின்னும். வால் எலும்பு சின்னது, ஒரே வாயில் போய்விடும்.

டார்ட் பார்த்த ‘தேர்வு’ உண்மைதான். ஆனால் தேர்ந்தெடுத்தது மனித மூதாதையின் கை என்று சொல்ல அந்தக் கணக்கு போதாது. மெல்லும் பல்லும் காலமும் சேர்ந்தால் அதே கணக்கு வந்துவிடும். மக்கபான்ஸ்காட் எலும்புகளில் பெரும்பகுதியைச் சேர்த்தவை கழுதைப்புலி போன்ற விலங்குகள்தாம் என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிவு.

பிரெயின் அதோடு நிற்கவில்லை. ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த ஓர் இளம் மனித மூதாதையின் மண்டையோட்டில் இரண்டு துளைகள் இருந்தன. யாரோ கூரான ஆயுதத்தால் குத்தியது போலத்தான் முதலில் தெரியும். பிரெயின் அதே குகையில் கிடைத்த ஒரு சிறுத்தையின் கீழ்த்தாடையை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். இரண்டு கோரைப்பற்களும் இரண்டு துளைகளில் அப்படியே உட்கார்ந்தன. குகை வாய்களில் மரங்கள் வளரும். கழுதைப்புலி தன் இரையைப் பறிக்காமலிருக்கச் சிறுத்தை அதை மரத்தில் ஏற்றித் தின்னும். எலும்புகள் கீழே குகைக்குள் விழும். இதுதான் அவர் தந்த விளக்கம். 1981-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே கேள்விதான்: வேட்டையாடியவர்களா, வேட்டையாடப்பட்டவர்களா?

தாவுங் குழந்தையின் கதையும் அப்படியே முடிந்தது. 1995-இல் லீ பெர்கரும் ரான் கிளார்க்கும், அந்தக் குழந்தையைக் கொன்றது ஒரு பெரிய கழுகாக இருக்கலாம் என்றார்கள். பின்னர், இன்றைய கழுகுகள் கொன்ற குரங்குகளின் மண்டையோடுகளோடு ஒப்பிட்டபோது, கண்குழியில் இருந்த அடையாளங்கள் ஒத்துப்போயின. ‘கொலைகார வானரம்’ கொள்கைக்குப் பிள்ளையார் சுழி போட்ட மண்டையோடு, கடைசியில் பறவைக்கு இரையான ஒரு குழந்தையுடையது!

பிரெயினிடம் நாம் கற்க இன்னொன்றும் உண்டு. ஸ்வார்ட்கிரான்ஸின் பிந்தைய அடுக்கு ஒன்றில் தீயில் வெந்த எலும்புகள் கிடைத்தன. ஏறத்தாழ ஒரு மில்லியன் ஆண்டு பழையவை. கறுத்திருக்கிறது, ஆகவே நெருப்பு என்று அவர் எழுதிவிடவில்லை. இன்றைய எலும்புகளை வெவ்வேறு சூட்டில் எரித்து, பழைய எலும்போடு ஒப்பிட்டு, வேதியியல் முறையிலும் சோதித்த பிறகே 1988-இல் அறிவித்தார்கள். டார்ட்டின் ‘பிரோமிதியஸையும்’ இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வகைக் கேள்விதான். சோதித்த முறைதான் வேறு.

5. கூடை எங்கே போனது?

கொள்கையின் இன்னொரு காலும் ஆடத் தொடங்கியது. 1966-இல் சிகாகோவில் ‘வேட்டைக்கார மனிதன்’ என்ற தலைப்பில் ஓர் ஆய்வு மாநாடு நடந்தது. 1968-இல் அதன் கட்டுரைகள் நூலாயின. அதில் ஷெர்வுட் வாஷ்பர்னும் உடன் எழுதியவரும் நம் அறிவு, உணர்ச்சி, சமூக வாழ்வு எல்லாவற்றுக்கும் வேட்டையே அடிப்படை என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதே நூலில் ரிச்சர்ட் லீ, களஹாரிப் பாலைவனத்து மக்கள் உண்ட உணவை எடைபோட்டுக் கணக்குக் காட்டினார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காய், கொட்டை, கிழங்கு போன்ற தாவர உணவு. அதில் பெரும்பகுதியைச் சேகரித்தவர்கள் பெண்கள். தலைப்பில் வேட்டை, கணக்கில் கொட்டை!

ஒரு பகுதி மக்களை வைத்து ஆதிமனிதர் எல்லாரையும் அளக்க முடியாது என்பதும் சரியே. ஆர்க்டிக் பனிப்பகுதி மக்களின் உணவில் பெரும்பகுதி இறைச்சியும் மீனும்தான். இடத்துக்கு இடம் உணவு மாறும். ‘ஆதிமனிதன் இப்படித்தான்’ என்று ஒருமையில் பேசுவதே பிழை என்பதுதான் இதில் நாம் பெறும் பாடம்.

1970-களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் சேலி ஸ்லோக்கம் எழுப்பிய கேள்வி இன்னும் கூர்மையானது. ஆண்கள் வேட்டையாடியதால் மனிதகுலம் வளர்ந்தது என்றால், பெண்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மனிதனின் முதல் கருவிகளில், உணவைச் சுமக்கும் கூடையும் குழந்தையைக் கட்டித் தூக்கும் தூளியும் இருந்திருக்கலாமே என்றார். தோலும் நாரும் மக்கிப் போகும். கல்லும் எலும்பும் நிற்கும். பிரெயினின் ஆட்டு எலும்புப் பாடம் இங்கேயும் பொருந்துகிறது பாருங்கள். எஞ்சி நிற்பதை மட்டும் வைத்து எது முக்கியம் என்று முடிவு செய்தால், மக்கிப்போனவர்களின் உழைப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

6. வேட்டை வேறு, பகை வேறு

சரி, நம் மூதாதையர் வேட்டையாடவே இல்லையா? ஆடினார்கள். ஜெர்மனியின் ஷூனிங்கன் என்ற இடத்தில் கிடைத்த மர ஈட்டிகள் குறைந்தது இரண்டு இலட்சம் ஆண்டு பழையவை; அவற்றோடு வெட்டுத்தடம் பதிந்த குதிரை எலும்புகளும் கிடைத்தன. அதற்கும் வெகுகாலம் முன்பே, ஏறத்தாழ இரண்டு மில்லியன் ஆண்டுகளுக்கு அருகில், கிழக்காப்பிரிக்காவில் கல்லால் இறைச்சி வெட்டிய தடங்கள் உள்ளன. அந்த இறைச்சி தாமே கொன்றதா, சிங்கம் விட்டுப்போன மிச்சமா என்பது நீண்டகால விவாதம். எப்படியானாலும் இறைச்சி உண்டது உறுதி.

ஆனால் வேட்டையாடியதை ஒப்புக்கொண்டாலும் அந்த ‘ஆகவே’ நிற்காது. வேட்டை என்பது உணவுக்காக. பகை என்பது தன் இனத்தவன் மீது. பூனை எலியைப் பிடிக்கும்போது எப்படி இருக்கிறது? பதுங்கும், ஓசையில்லாமல் நகரும். அதே பூனை இன்னொரு பூனையோடு சண்டை போடும்போது? முடி சிலிர்க்கும், காது மடங்கும், சீறும். இரண்டும் வேறு வேறு நடத்தைகள். லோரென்ஸும் தம் நூலில் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். இரையைத் தாக்கும் சிங்கத்திடம் கோபம் இல்லை என்பது அவர் கருத்து. ஆக, ஆர்ட்ரிக்குத் துணை என்று பலரும் நினைத்த நூலே இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை.

மறுபுறமும் பாருங்கள். நீர்யானை புல் தின்னும் விலங்கு. தன் இனத்தோடு கடுமையாகச் சண்டையிடும். கலைமான்கள் கொம்போடு கொம்பு மோதிச் சில வேளை உயிரையும் விடும். அவை எந்த வேட்டைக்குப் போயின? இறைச்சி உண்பதிலிருந்து பகை பிறக்கிறது என்றால், மாட்டுத்தொழுவத்தில் அமைதி நிலவ வேண்டும். காளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே என்ன நிலவுகிறது என்று.

7. எதிர்க்கரைக்கும் தாவிவிட வேண்டாம்

இதுவரை படித்துவிட்டு, “அப்படியானால் மனிதன் இயல்பில் சாதுதான்” என்று யாராவது எழுதினால், அதுவும் அவசரம்தான். சான்று அப்படியும் சொல்லவில்லை.

1974 முதல் 1978 வரை, தான்சானியாவின் கொம்பே காட்டில், ஜேன் குடால் ஆராய்ந்த சிம்பன்சிக் கூட்டம் ஒன்று பிரிந்துபோன இன்னொரு கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகக் கொன்று தீர்த்தது. 2014-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, 18 சிம்பன்சிக் கூட்டங்களையும் 4 பொனோபோ கூட்டங்களையும் ஒப்பிட்டது. சிம்பன்சிகளிடையே நேரில் கண்டவை, ஊகித்தவை, ஐயத்துக்குரியவை என எல்லாம் சேர்த்து 152 கொலைகள். பொனோபோக்களிடையே ஐயத்துக்குரிய ஒன்றே ஒன்று. இரண்டும் நமக்கு ஒரே அளவு நெருங்கிய உறவு. எந்த உறவினரைக் காட்டி நம் குணத்தைச் சொல்வது? உறவினரை நாமே தேர்ந்தெடுத்துக்கொண்டால் விடையையும் நாமே தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

கென்யாவின் துர்கானா ஏரிக்கு அருகே நட்டருக் என்ற இடத்தில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த குறைந்தது 27 பேரின் எலும்புகள் கிடைத்தன. 2016-இல் வெளியான ஆய்வு, பலரிடம் தாக்குதல் காயங்களைக் கண்டு, இது ஒரு கூட்டுப் படுகொலை என்றது. சில காயங்கள் இறந்த பிறகு ஏற்பட்ட சேதமாக இருக்கலாம் என்று வேறு ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினார்கள். டார்ட்டின் பபூன் மண்டையோடுகளிடம் கேட்ட அதே கேள்வி மறுபடியும் வருகிறது.

அமைதியின் பக்கம் நிற்பவர்களும் சில நேரம் தாவியிருக்கிறார்கள். 1986-இல் ஸ்பெயினின் செவில் நகரில் அறிவியலாளர்கள் சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 1989-இல் யுனெஸ்கோ அதை ஏற்றது. போர் நம் உயிரியலில் எழுதப்பட்ட விதி அல்ல என்பது அதன் மையக் கருத்து. நோக்கம் நல்லது, முடிவும் பெரும்பாலும் சரியே. ஆனால் அறிக்கையில் கையெழுத்திடுவது குகையில் எலும்பு எண்ணுவதற்கு ஈடாகாது.

ஹார்வர்டின் ரிச்சர்ட் ராங்ஹம் 2019-இல் வெளியிட்ட நூலில் பயனுள்ள ஒரு பிரிவினையை முன்வைக்கிறார். கோபத்தில் சட்டென்று கைநீட்டுவது ஒன்று. திட்டமிட்டு, ஆள்சேர்த்துத் தாக்குவது இன்னொன்று. முதலாவதில் மனிதர்கள் சிம்பன்சியைவிட மிகவும் அடக்கமானவர்கள். இரண்டாவதில் நாம் பயங்கரமான திறமைசாலிகள். அவருடைய எல்லா முடிவுகளையும் எல்லாரும் ஏற்பதில்லை. ஆனாலும் இந்தப் பிரிவினை வகுப்பறைக்கு உதவும். பகடிவதை எந்த வகை? பெரும்பாலும் ஆள்சேர்த்து, நேரம் பார்த்து, ஆசிரியர் இல்லாத இடம் பார்த்துச் செய்வது. ‘இரத்தத்தில் ஊறியது, கட்டுப்படுத்த முடியவில்லை’ என்ற சாக்கு அதற்குப் பொருந்தவே பொருந்தாது. நேரம் பார்க்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தவும் தெரியும்.

இதனால்தான் அந்த வாக்கியத்தை நாம் சும்மா விட முடியாது. “பையன்கள் அப்படித்தான்” என்று ஒரு பெரியவர் சொல்லும்போதும் அதே ‘ஆகவே’ ஒளிந்திருக்கிறது. அதை நம்பினால், அடி வாங்கிய பிள்ளைக்கு நாம் சொல்ல ஒன்றும் இருக்காது.

8. தேர்வுத்தாளில் எப்படி எழுதலாம்?

மாணவர்களே, இரண்டு வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வலுவற்றது: “மனிதன் ஆதியில் வேட்டைக்காரன், ஆகவே வன்முறை அவன் இரத்தத்தில் ஊறியது.”

வலுவுள்ளது: “ஆதிமனிதன் கொலையாளி என்ற கருத்தை ரேமண்ட் டார்ட் குகை எலும்புகளை வைத்து முன்வைத்தார், ஆனால் அந்த எலும்புக் குவியலை விலங்குகளும் உண்டாக்க முடியும் என்று பாப் பிரெயின் காட்டியபின், அதை மட்டும் வைத்து இன்றைய வன்முறையை விளக்க முடியாது.”

இரண்டாவது நீளம்தான். ஆனால் யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது, மறுப்பு என்ன, முடிவு எந்த அளவு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. விவாதக் கட்டுரையில் எந்தக் கருத்தை எடுத்தாலும் இந்த நான்கையும் கேட்டுப் பழகுங்கள்.

சொல்லிலும் கவனம் வேண்டும். வேட்டை, தாக்குதல், வன்முறை, போர் ஆகிய நான்கும் நான்கு பொருள். பத்தியின் தொடக்கத்தில் ‘வேட்டை’ என்று ஆரம்பித்து முடிவில் ‘போர்’ என்று முடித்தால், நடுவில் எங்கோ பாலம் இல்லாமல் ஆற்றைக் கடந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு

1. மக்கபான்ஸ்காட் எலும்புகளில் டார்ட் கண்டது எது, ஊகித்தது எது? தனித்தனியாகப் பட்டியலிடுக.
2. பிரெயின் ஏன் ஆட்டு எலும்புகளைத் தேர்ந்தெடுத்தார்? பல விலங்குகளின் எலும்புகள் கலந்திருந்தால் ஆய்வு எப்படிப் பாதிக்கப்பட்டிருக்கும்?
3. கூடை, தூளி போன்ற மக்கிப்போகும் பொருள்களைப் பற்றிய கருத்துக்குச் சான்று தேடுவது எப்படி? சான்று கிடைக்காத கருத்தை எந்த அளவுக்கு ஏற்கலாம்?
4. “மனிதன் இயல்பில் அமைதியானவன்” என்ற கூற்றை, இக்கட்டுரையில் உள்ள சான்றுகளைக் கொண்டு மறுத்து ஒரு பத்தி எழுதுக.

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். தமக்குப் பிடித்த முடிவையும் ஒருமுறை மறுத்து எழுதிப் பார்த்த மாணவரின் கட்டுரையில் ஒரு நிதானம் வந்துவிடும். தேர்வுக்கு வாழ்த்துகள்.